பட்டன் இருக்கு, வயசு என்ன?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் இயந்திரவியல் துறை சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "படிச்ச படிப்பு ஊருக்கு எப்படிப் பயன்பட்டதுன்னு ஒரு இருபது நிமிஷம் பேசுங்க" என்றார். நான் ஒரகடம் பக்கம் ஒரு வண்டிக் கம்பெனியில் சஸ்பென்ஷன் பிரிவில் வேலை பார்க்கிறவன். பெரிய கண்டுபிடிப்பு எதையாவது சொல்வேன் என்று எதிர்பார்த்து வந்திருந்தால் இப்போதே டீ குடிக்கப் போய்விடலாம். நான் பேசப்போவது டயர் வாங்குவதைப் பற்றி. அதுவும் அறுபது வயதை எட்டும் ஒரு காருக்கு ஐந்து டயர் வாங்கியதைப் பற்றி.

கார் என் தாய்மாமாவுடையது. உத்தமபாளையத்தில் இருக்கிறார். பன்னீர் திராட்சை போட்டிருக்கிறார். 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம கம்பம் பன்னீர் திராட்சைதான். அவர் வீட்டு முன்னால் தகரக் கொட்டகையில் நிற்பது 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. தாத்தா வாங்கியது. இஞ்சின் வேலையெல்லாம் மாமா மதுரையில் பார்த்து முடித்துவிட்டார். முழுப் பரீட்சை லீவுக்குப் பெங்களூரிலிருந்து பேரப்பிள்ளைகள் வருகிறார்கள், அவர்களை அதில் உட்கார வைத்துக் குமுளிக்கும் போடிமெட்டுக்கும் கூட்டிப்போக வேண்டும் என்பது அவர் ஆசை. "எல்லாம் ரெடி மாப்ள. டயர் மட்டும் ஒரு பார்வை பார்த்துச் சொல்லிரு. பட்டன் அப்படியே இருக்கு, மாத்த வேண்டியிருக்காது" என்றார்.

ஹெரால்டு தெரியாத இளைய தலைமுறைக்காகச் சொல்லிவிடுகிறேன். 1959ல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் என்ற பெயரில் வந்த கார். வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. 1961லிருந்து சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் தயாரானது. 948 சி.சி. இஞ்சின். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, விளக்கு எல்லாவற்றோடும் முன்பக்கம் முழுசாக எழுந்து வரும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். "இது ஸ்போர்ட்ஸ் காரா?" என்று நீங்கள் கேட்கலாம். பட்டியலில் இல்லைதான். ஆனால் இதே ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் 1962ல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற அசல் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அந்த முறைக்கு இது ஸ்பிட்ஃபயருக்கு அண்ணன். நம் சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஃபியட்டும் ஹெரால்டும்தான் மோதிக்கொண்டன. 1990ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகு சோழவரம் ஓய்ந்தது. ஹெரால்டுக்கு அந்தப் பெருமை மட்டும் ஓயவில்லை.

சரி, டயருக்கு வருவோம்.

முதல் கேள்வி: வயசு

மாமா சொன்னது பொய்யில்லை. பட்டன் ஆழமாகத்தான் இருந்தது. வருஷத்துக்கு நூறு கிலோமீட்டர்கூட ஓடாத வண்டியில் பட்டன் எப்படித் தேயும்? நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்தேன். டயரின் தயாரிப்புத் தேதி பல சமயம் ஒரு பக்கச் சுவரில்தான் முழுசாக இருக்கும். மாட்டுகிறவர் அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டியிருந்தால் வெளியே நின்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. டி.ஓ.டி. என்று ஆரம்பிக்கும் வரிசையின் கடைசியில் நாலு இலக்கம். அங்கே 2211 என்று இருந்தது. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2011ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். அதாவது மே மாதக் கடைசி. அந்த டயர் தயாரானபோது பிறந்த பிள்ளை இப்போது ஹைஸ்கூலில் படிக்கும்.

ரப்பர் ஓடினால்தான் தேயும் என்று நினைக்கிறோம். நின்றாலும் கெடும். காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரைக் கடினமாக்குகின்றன. வெயிலும் சூடும் அதை வேகப்படுத்துகின்றன. இதைத் தடுக்க டயர் செய்யும்போதே சில ரசாயனங்களும் மெழுகும் கலப்பார்கள். டயர் ஓடி, வளைந்து நிமிரும்போது அவை மேற்பரப்புக்குக் கசிந்து வந்து காவல் காக்கும். நின்றே கிடக்கும் வண்டியில் அந்தக் காவல் சரியாக வேலை செய்யாது. அதனால்தான் கொட்டகையில் பத்திரமாக நின்ற கார் டயரில், பக்கச் சுவரில் தலைமுடி மாதிரி வெடிப்பு விழுகிறது. பல கார்க் கம்பெனிகள் ஆறு வருஷத்தில் மாற்று என்கின்றன. பல டயர்க் கம்பெனிகள் பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. மாமாவின் டயர் இரண்டு கணக்கிலும் ஃபெயில்.

மாமாவுக்கு இது ஒப்பவில்லை. நான் கேட்டேன்: "மாமா, பறிச்சுப் பத்து நாள் ஆன திராட்சையை, பார்க்க நல்லா இருக்குன்னு வியாபாரி வாங்குவானா?" சிரித்துவிட்டார். திராட்சையில் தேதி அச்சடித்திருக்காது. டயரில் அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள். நாம்தான் படிப்பதில்லை.

ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ் படங்களை விழுந்து விழுந்து பார்த்த தம்பிகளுக்கு ஒரு செய்தி. அதில் நடித்த பால் வாக்கர் 2013 நவம்பர் 30 அன்று விபத்தில் இறந்தார். அவர் நண்பர் ஓட்டிய கார் 2005 மாடல் போர்ஷே கரேரா ஜி.டி. மணிக்கு சுமார் 72 கிலோமீட்டர் வரம்பு உள்ள ரோட்டில் 130 முதல் 150 கிலோமீட்டர் வேகத்தில் போயிருக்கிறார்கள். வேகம்தான் காரணம் என்று விசாரணை சொன்னது. ஆனால் அதே விசாரணை இன்னொன்றையும் குறித்தது: அந்த டயர்களுக்கு ஒன்பது வயசு, அது வண்டியின் பிடிமானத்தைப் பாதித்திருக்கலாம் என்று. கோடிக்கணக்கில் விலையுள்ள கார். ஆனால் அதற்கும் ரோட்டுக்கும் நடுவில் இருந்த சம்பந்தம் நாலு உள்ளங்கை அகல ரப்பர்தான். மாமாவின் ஹெரால்டுக்கும் அதே நாலு உள்ளங்கைதான்.

நம் பள்ளத்தாக்கில் இது இன்னும் கொஞ்சம் சிக்கல். தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் எல்லாம் மலை மறைவில் இருக்கும் ஊர்கள். தென்மேற்குப் பருவத்தில் கேரளாவில் கொட்டும்போது நமக்குக் காற்றும் சாரலும்தான் மிச்சம். வருஷத்தில் பெரும்பகுதி காய்ந்த ரோடும் வெயிலும். லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி ஏறினால், ஒரே நாளில், அரை மணி நேரத்தில், ரோடு சொதசொதவென்று நனைந்திருக்கும். கீழே வெயில் டயரைக் கல்லாக்குகிறது, மேலே மழை அதற்குப் பரீட்சை வைக்கிறது. கல்லான டயர் காய்ந்த ரோட்டில் பாஸ் பண்ணிவிடும். அதனால் கீழேயே ஓட்டிக்கொண்டிருக்கிறவருக்குத் தன் டயர் கெட்டது தெரியாது. முதல் தடவை தெரிவது ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவில்தான் இருக்கும்.

இரண்டாவது கேள்வி: எந்த டயர்?

மாற்றுவது என்று முடிவானதும் ஆளுக்கொரு யோசனை. மொத்தம் ஐந்து யோசனைகள் வந்தன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஏனென்றால் எந்தப் பழைய வண்டிக்கு டயர் தேடினாலும் இந்த ஐந்தும் வரும்.

ஹெரால்டு வந்தபோது இருந்த டயர் 5.20-13. அதாவது 5.20 அங்குல அகலம், 13 அங்குல ரிம். நாம் நைலான் டயர் என்று சொல்லும் பழைய ரகம். உள்ளே இழைகள் குறுக்கும் மறுக்குமாக ஓடும். இப்போதைய ரேடியலில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும், மேலே இரும்புப் பட்டை சுற்றியிருக்கும். ரேடியல் வளைவில் ரோட்டோடு ஒட்டிப் படுக்கும்; நைலான் கொஞ்சம் முன்னாடியே வழுக்க ஆரம்பித்து, "போறேன், போறேன்" என்று சொல்லிவிட்டுப் போகும்.

முதல் யோசனை, மதுரையில் ஒரு கடையில் அந்தப் பழைய அளவு நைலான் டயரே இருக்கிறது என்பது. "ஓடவே இல்லை, புத்தம் புதுசு, பேப்பர்கூடப் பிரிக்கலை" என்றார்கள். போட்டோ அனுப்பச் சொன்னேன். தேதியில் மூன்றே இலக்கம். 2000க்கு முன்னால் மூன்று இலக்கந்தான் போட்டார்கள். எந்தப் பத்தாண்டு என்றுகூட அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. எப்படிப் பார்த்தாலும் கால் நூற்றாண்டுக்கு மேல். ஓடாத டயர் என்பது உண்மை. புது டயர் என்பதுதான் பொய்.

இரண்டாவது, இங்கிலாந்திலிருந்து வரவழைப்பது. அங்கே பழைய கார்களுக்கென்றே பழைய அளவுகளில் புதிதாக டயர் செய்து விற்கிறார்கள். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இந்தியாவில் விற்கும் டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும் என்று 2009ல் ஆணை வந்துவிட்டது. 2020 ஜூனில் டயர் இறக்குமதியையே கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். கண்காட்சிக்கு மட்டும் கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் அந்தக் கதவுகளைத் தட்டிப் பார்க்கலாம். திராட்சை விவசாயிக்கு அது கட்டுப்படியாகாது.

மூன்றாவது யோசனை மாமா பையனுடையது. "அத்தான், 175/60 ஆர் 13 போட்டு அலாய் மாட்டினா செம லுக்கா இருக்கும். அகலம் ஜாஸ்தி, பிடி ஜாஸ்தி, சேஃப்டியும் ஜாஸ்திதானே?" என்றான். இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். என் துறையும் இதுதான்.

பிடி கூடினால் பாதுகாப்பு கூடுமா?

ஹெரால்டின் பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில். நடுவில் டிஃபரென்ஷியல் சேஸிஸோடு முறுக்கியிருக்கும். அதன் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கை மாதிரி ஆக்ஸில், கை நுனியில் சக்கரம். கையைப் பக்கவாட்டில் நீட்டி மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். உள்ளங்கை எப்போதும் ஒரே கோணத்தில் நிற்காது, கை இறங்க இறங்க உள்ளே சாயும். சக்கரமும் அப்படித்தான். வளைவில் வேகமாகத் திரும்பும்போது ரோடு வெளிச்சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் ஆக்ஸில் வழியாகப் போய் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்குகிறது. பின்பக்கம் எழுந்தால் சக்கரம் உள்நோக்கி மடங்கும். மடங்கினால் டயர் முழுசாகப் படியாது. திடீரென்று பின்பக்கம் விலகிப் போகும்.

இப்போது கணக்கைப் போடுங்கள். அந்தப் பக்கவாட்டுத் தள்ளல் எவ்வளவு வர முடியும் என்பதைத் தீர்மானிப்பது எது? டயரின் பிடி. பிடி அதிகமான டயர் போட்டால் தூக்கும் விசையும் அதிகம். 1959ல் அந்த அமைப்பை நைலான் டயரின் மிதமான பிடியை மனதில் வைத்துத்தான் செய்தார்கள். அகலமான, தட்டையான டயர் போட்டால் நாம் கூட்டுவது பாதுகாப்பை அல்ல. விபத்து நடக்கும் வேகத்தையும், அது எச்சரிக்கை இல்லாமல் நடக்கும் வாய்ப்பையும்தான். வண்டலூரிலேயே பின்னால் 1970களில் ஹெரால்டை மாற்றி கெஸல் என்று விட்டபோது இந்த ஸ்விங் ஆக்ஸிலைத் தூக்கிவிட்டு ஒரே நேர் ஆக்ஸிலைப் போட்டுவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஸ்விங் ஆக்ஸிலுக்கும் டயருக்கும் உள்ள உறவு உலகப் பிரசித்தம். அமெரிக்காவில் 1960 மாடல் ஷெவர்லே கார்வேர். இஞ்சினும் பின்னால், ஸ்விங் ஆக்ஸிலும் பின்னால். முன் டயருக்கு 15 பவுண்டு காற்று, பின் டயருக்கு 26 பவுண்டு என்று கம்பெனி சொன்னது. வண்டி நிதானமாக நிற்க அந்த வித்தியாசம் வேண்டும். ஆனால் நாலு டயருக்கும் ஒரே அளவு காற்றடித்துப் பழகிய ஜனங்கள் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்? 1965ல் ரால்ஃப் நேடர் எழுதிய புத்தகத்தில் முதல் அத்தியாயமே இந்தக் காரைப் பற்றித்தான். அந்தக் காலத்து மற்ற கார்களைவிட இது மோசமில்லை என்று 1972ல் அரசு ஆய்வு சொன்னது. அதையும் சொல்லிவிடுவது நியாயம். ஆனால் நமக்குப் பாடம் வேறு. ஒரு வண்டியின் பாதுகாப்பில் பாதி, பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் பையனின் கையில் இருக்கக் கூடாது. நம் ஊரிலும் "நாலுக்கும் முப்பது" என்பதுதான் வேத வாக்கு. ஹெரால்டு கையேடும் முன்னுக்குக் குறைவு, பின்னுக்கு அதிகம் என்றுதான் சொல்கிறது. மாமாவின் காரில் இப்போது டாஷ்போர்டுக்குள் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

அலாய் யோசனைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 175/60 என்றால் பக்கச் சுவரின் உயரம் 175ல் 60 சதவீதம், 105 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் 210. ரிம் 13 அங்குலம், அதாவது 330. மொத்த உயரம் 540. பழைய டயரை அளந்தால் சுமார் 580. வண்டி 20 மில்லிமீட்டர் தாழ்ந்துவிடும். நம் தோட்டத்துப் பாதையில் சைலென்ஸர் கழன்று கையில் வரும். ஸ்பீடோமீட்டரும் ஏழு சதவீதம் பொய் சொல்லும். தம்பி சமாதானமாகிவிட்டான்.

ரிம் சொன்ன தீர்ப்பு

நாலாவது யோசனை 155/80 ஆர் 13. கணக்குப்படி அற்புதம். 155ல் 80 சதவீதம் 124, இரண்டு பக்கமும் 248, ரிம்மோடு 578. பழைய டயருக்கு இரண்டே மில்லிமீட்டர் குறைவு. "அப்ப இதுதானே?" என்றார் மாமா. ரிம்மை அளந்தேன். ஹெரால்டின் ரிம் அகலம் மூன்றரை அங்குலம். 155 டயருக்குக் குறைந்தது நாலு அங்குலம் வேண்டும். குறுகிய ரிம்மில் அகல டயரைப் போட்டால் பக்கச் சுவர் பலூன் மாதிரி பிதுங்கும். வளைவில் டயர் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம் என்று நெளியும்.

ஐந்தாவதுதான் வந்து சேர்ந்த இடம்: 145/80 ஆர் 13. இது என்ன அபூர்வ டயரா? இல்லை. வேகன் ஆர் காரிலும், 2022ல் வந்த ஆல்டோ கே 10 காரிலும் போட்ட அளவு. தேனியில் எந்தக் கடையிலும் கிடைக்கும். மூன்றரை அங்குல ரிம்முக்கு அனுமதி உள்ள அளவு. உயரம் 562, பழையதைவிட மூன்று சதவீதம் குறைவு, பரவாயில்லை. அகலம் பழைய 5.20 அங்குலத்தைவிட, அதாவது 132 மில்லிமீட்டரைவிட, ஒரு விரல் தடிமன்தான் அதிகம். பிடி மிதம், சுவர் உயரம், ஸ்விங் ஆக்ஸிலுக்கு அனுசரணை.

எடை தாங்குமா? டயரில் 75 என்ற எண் இருந்தால் ஒரு டயர் 387 கிலோ தாங்கும். நாலுக்கும் சேர்த்து 1548. ஹெரால்டு சுமார் 800 கிலோ. மாமா, அத்தை, பேரப்பிள்ளைகள், புளியோதரைத் தூக்கு எல்லாம் சேர்த்தாலும் கவலையில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள எழுத்து வேகம்: எஸ் என்றால் 180, டி என்றால் 190 கிலோமீட்டர். ஹெரால்டு அந்த வேகத்தைக் கனவில்தான் பார்க்கும்.

கடையில் பில் போடுவதற்கு முன் ஐந்து டயரின் தேதியையும் குனிந்து படித்தேன். கடைக்காரர், "என்ன சார், ஜாதகம் பார்க்கிறீங்க?" என்றார். "கல்யாணத்துக்கு முன்னாடிதானே அண்ணே பார்க்கணும்" என்றேன். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மூன்று வருஷம் மூத்தது. மாற்றிக் கொடுத்துவிட்டார். கேட்டால் கொடுக்கிறார்கள், கேட்பதுதான் இல்லை.

ஐந்து என்று சொன்னேன், நாலு இல்லை. ஸ்டெப்னியை எல்லாரும் மறந்துவிடுகிறோம். டிக்கியில் கிடக்கும் டயர்தான் பெரும்பாலும் வண்டியிலேயே வயசானது. மழையில், இருட்டில், மலைமேல் அதை மாட்டித்தான் மிச்ச வழி இறங்க வேண்டும். அதோடு, நைலானையும் ரேடியலையும் கலக்கவே கூடாது. முன்னால் ரேடியல், பின்னால் நைலான் என்று போட்டால் பின்பக்கம்தான் முதலில் வழுக்கும். ஸ்விங் ஆக்ஸில் வண்டியில் அது தற்கொலைக்குச் சமம். இரண்டு டயர் மட்டும் புதுசு வாங்கினால் எங்கே போடுவது? "ஸ்டியரிங் முன்னால, அதனால புதுசு முன்னால" என்பார்கள். தவறு. முன் டயர் வழுக்கினால் ஓட்டுகிறவருக்கு ஸ்டியரிங்கில் தெரியும், ஆக்ஸிலேட்டரை விட்டால் மீளலாம். பின் டயர் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும். நல்ல டயர் பின்னால் போக வேண்டும்.

மாட்டும்போது ஒரு விஷயம். இப்போது வருபவை ட்யூப்லெஸ் டயர். ட்யூப்லெஸ்ஸுக்கான ரிம்மில் உள்விளிம்போரம் ஒரு சின்ன மேடு இருக்கும். காற்று குறைந்தாலும் டயர் நழுவாமல் அது பிடிக்கும். பழைய ரிம்மில் அந்த மேடு கிடையாது. அதனால் ட்யூப் போட்டுத்தான் ஆக வேண்டும், அதுவும் ரேடியலுக்கு ஏற்ற ட்யூப். டயருக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கிழித்து, துடைத்து, பவுடர் போட்டு மாட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்த ஸ்டிக்கரே உராய்ந்து ட்யூபில் ஓட்டை போடும்.

மலையேறும்போது காற்றை இறக்கிவிட வேண்டும் என்று ஒரு நம்பிக்கை நம் பக்கம் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போடிமெட்டு போனால் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் ஒன்றரை பவுண்டு கூடுதலாகக் காட்டும். ஆனால் மேலே ஆறேழு டிகிரி குளிர். அதனால் ஒரு பவுண்டு குறையும். மிச்சம் அரை பவுண்டு. இதற்காகக் காற்றை இறக்கினால் திரும்பிக் கீழே வரும்போதுதான் குறைந்த காற்றில், பிரேக் சூட்டில், வளைவுகளில் மாட்டுவீர்கள். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளவாக அடியுங்கள், பிறகு தொடாதீர்கள். ஏறின கியரிலேயே இறங்குங்கள். நம் பஸ் டிரைவர்கள் சொல்வதும் அதுதான்.

கார் வைத்திருக்காதவர்களுக்கு

இவ்வளவு நேரம் ஒரு பழைய காரைப் பற்றிப் பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கினால் அது ஒரு பொழுதுபோக்குப் பேச்சு. நான் சொல்ல வந்தது அது மட்டும் இல்லை.

விடியற்காலை நாலு, அஞ்சு மணிக்குக் கம்பத்திலோ போடியிலோ நின்று பாருங்கள். ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மலையேறும். குமுளி வழி, கம்பம்மெட்டு வழி, போடிமெட்டு வழி. ஒவ்வொரு ஜீப்பிலும் எத்தனை பேர் என்று எண்ண வேண்டாம், மனசு கனத்துவிடும். தூக்குச் சட்டியும் துண்டுமாக உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாக்களில் சிலர் இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களின் அம்மாக்கள், அத்தைகள். அந்த ரோடுகளில் விபத்துச் செய்தி நமக்குப் புதிதல்ல. ஹெரால்டுக்குப் பார்த்த அதே ஜாதகத்தை அந்த ஜீப் டயருக்கு யார் பார்த்தார்கள்? செகண்ட் ஹேண்டில் வாங்கின டயரா, தேய்ந்த டயரில் சூடான பிளேடால் பள்ளம் வெட்டி புதுப் பட்டன் மாதிரி காட்டினதா, எத்தனை வருஷத்து டயர், எந்தப் பக்கம் எதை மாட்டியிருக்கிறது? ஜீப் வைத்திருக்கிறவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. டீசல் விலையும் டியூவும் அவர்களை எந்த நிலைமையில் வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் தேதி படிப்பதற்குக் காசு இல்லை, வித்தியாசம் தெரிந்தால் போதும்.

தம்பி தங்கைகளே, உங்கள் பைக்குக்கும் இதே சட்டம். மதுரை, மேலூர்ப் பக்கமே டூவீலர் டயர் தயாராகிறது. நல்ல டயருக்கு நமக்குப் பஞ்சமில்லை. சட்டப்படி பட்டன் ஆழம் டூவீலருக்கு 0.8 மில்லிமீட்டர், காருக்கு 1.6 மில்லிமீட்டர் குறையக் கூடாது. அளவுகோல் தேவையில்லை. டயரின் பள்ளத்துக்குள் ஆங்காங்கே சின்ன மேடு குறுக்கே போகும், அதுதான் தேய்மானக் குறி. பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் கதை முடிந்தது. மழையில் மலையேறுகிறவர்கள் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. நாளைக்கு வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் பழைய கார் வாங்குவீர்கள். பாட்டுப் பெட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் டயர் தேதியைப் பாருங்கள்.

முன்னாள் மாணவர் சங்கத்துக்கும் இயந்திரவியல் துறைக்கும் ஒரு வேண்டுகோள். வருஷத்தில் ஒரு நாள், பருவமழைக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாணவர்கள் பத்துப் பத்துப் பேராகக் கம்பம், போடி ஜீப் ஸ்டாண்டுகளுக்குப் போகட்டும். கையில் ஒரு டார்ச், ஒரு காற்று கேஜ், ஒரு நோட்டு. டயரின் தேதி, பட்டன் ஆழம், வெடிப்பு, காற்று, ஸ்டெப்னி. ஐந்து பத்தி, ஒரு வண்டிக்கு ஐந்து நிமிஷம். டிரைவர் அண்ணன்களிடம் மரியாதையாகக் கேட்டு எழுதுங்கள். அபராதம் போட வரவில்லை என்று முதலிலேயே சொல்லுங்கள். கேஜ்கள் வாங்கும் செலவு என்னுடையது. உடனே மாற்ற வேண்டிய டயர்கள் எத்தனை என்று பட்டியல் வந்தால், வட்டியில்லாமல் தவணையில் வாங்கித்தர முடியுமா என்று சங்கம் யோசிக்கலாம். இந்த அரங்கத்தில் டயர்க் கடை வைத்திருக்கும் சீனியர் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் இப்போதே வேறு பக்கம் பார்ப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

பொறியியல் என்றால் பெரிய மெஷின் என்றுதான் நாம் சேரும்போது நினைத்தோம். நாலு வருஷம் படித்ததில் எனக்கு மிஞ்சியது ஒன்றுதான்: ஒரு பொருள் நல்லதா என்று கேட்காதே, எந்த வண்டிக்கு, எந்த ரிம்மில், எந்த ரோட்டுக்கு, எத்தனை வயசில் என்று கேள். விலை கூடியதும் அகலம் கூடியதும் தானாக நல்லதாகிவிடாது. மாமாவின் ஹெரால்டு ஆல்டோ டயரோடு லீவில் இரண்டு தடவை குமுளி போய் வந்தது. அத்தை சொன்ன ஒரே புகார் சீட்டைப் பற்றித்தான்.

 வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனதும் குனிந்து அந்த நாலு இலக்கத்தைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.